ஏழு ஆட்டுத் தலைகள்

பால் ஊற்றிய தேநீருக்கு நன்றி, ஐயா. என் பட்டறையில் நானும் யாரையும் தேநீர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. கெகென் ஊர்ப் பக்கம் மலைக் கணவாய்ச் சாலை இறங்கி முடிகிற இடத்தில் பத்தொன்பது வருடங்களாக டயரும் பிரேக்கும் பார்க்கிறேன்.

ஒழுங்காக வேலை பார்க்கிறவனை வாடிக்கையாளர்கள் மறந்துவிடுவார்கள். காரைவிட்டு இறங்காமலே ஹாரன் அடிப்பார்கள். மினிபஸ் ஓட்டுகிற ஜானுசாக் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை. "யோவ் டயரு, எவ்ளோ நேரம் உருட்டுவ? சீக்கிரம் முடி" என்பார். பிரேக் நன்றாகப் பிடித்தது என்று சொல்வதற்காக எவரும் திரும்பி வந்ததில்லை. எனக்கு அது வலித்தது.

ஆறு வருடங்களுக்கு முன் துர்லிகான் என்பவரின் காரில் பிரேக் ஆயில் குழாயின் திருகை முழுதாக முடுக்க மறந்துவிட்டேன். அது உண்மையான மறதி, வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மலையேறிப் போனவர் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் என் பட்டறையை ஒட்டியிருந்த காய்ந்த புல் போரில் வந்து செருகினார். நான்தான் இழுத்து வெளியே போட்டேன். உயிர் பிழைத்ததற்காக மறுநாள் ஆடு வெட்டினார்கள். என்னை நடுவில் உட்காரவைத்து, முதல் மரியாதைக்குரிய விருந்தாளிக்கு வைக்கிற வேகவைத்த ஆட்டுத் தலையை என் முன்னால் வைத்தார்கள். "அண்ணே, நீங்க இல்லேன்னா இன்னிக்கு இந்த வீட்ல சாவுச் சோறுதான் வெந்திருக்கும்" என்று அவர் மனைவி அழுதாள். வழக்கப்படி காதை அறுத்து அவர்கள் வீட்டுச் சின்னப் பெண்ணுக்குக் கொடுத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு நான் எதையும் மறக்கவில்லை. அந்தத் திருகை அரைச் சுற்று தளர்த்தினால் கடைசி வளைவில்தான் பிரேக் போகும். புல் போரை நானே பெரிதாக்கினேன். வேறெந்தப் பட்டறைக்காரன் இவ்வளவு பொறுப்பாக இருப்பான்? எல்லோரும் மலையைத்தான் திட்டினார்கள். துர்லிகான் வீட்டையும் சேர்த்து ஏழு தலைகள். ஒருவருக்கும் கீறலுக்கு மேல் இல்லை. இரண்டு பேர் பிள்ளைக்கு என் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஜானுசாக் விஷயத்தில்தான் பிசகிவிட்டது. அவர் கொட்டிலை முன்கூட்டியே போய்ப் பார்த்தேன். ஆடுகள் எல்லாம் எலும்பும் தோலும். அப்படி ஓர் ஆட்டின் தலையை விருந்தில் வைத்தால் அவருக்குத்தானே அவமானம். மூன்று வாரம் என் போரிலிருந்து புல்லை அள்ளிக்கொண்டுபோய்ப் போட்டேன். "என்னய்யா டயரு, திடீர்னு பாசம் பொங்குது?" என்று சிரித்தார். ஆடுகள் தேறின. போர் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டதை நான் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பிரேக் பார்த்துக்கொண்டு போனவர், மாலையில் பயணிகள் இல்லாமல் தனியாக இறங்கி வந்தார். மினிபஸ் புல்லைத் தாண்டிப் போய்ப் பட்டறைச் சுவரில் மோதியது. அப்போதும் நான்தான் அவரை இழுத்து எடுத்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

முதல் முறை மறதி. மற்ற ஏழு முறையும் தளர்த்தியது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். மூன்று நாளாக அவர் கண் திறக்கவில்லை என்கிறீர்கள். அவர் பிழைக்க வேண்டும் என்று என்னைப்போல் வேண்டிக்கொள்கிறவர் இந்த ஊரில் இல்லை, ஐயா. பிழைத்ததும் விருந்துக்கு அழைக்க என் வீட்டுக்குத்தான் வருவார்கள். அன்று ஒரு நாள் மட்டும் என்னை வெளியே விடுங்கள். நான் இல்லையென்றால் தலையை வேறு யாருக்காவது வைத்துவிடுவார்கள்.