மணக்குது எண்ட ஒரு சொல்லு

...இல்ல தம்பி, சன்னலத் திறந்து பிரயோசனமில்ல. அது வெளியால வாற மணமில்ல, என்ட மடியில இரிக்கிற இந்தப் பேக்குக்குள்ள இரிந்து வாறது. பயப்பிடாதீங்க, செத்த எலி ஒண்டுமில்ல. பெருங்காயம். ஒரு தகரம் நிறையப் பெருங்காயம். மூடிக்கு மேல பொலித்தீன் சுத்தி நூலால கட்டித்தான் வெச்சிரிக்கன், அதுக்குள்ளாலயும் வருகுது. எனக்கென்ன, ஆசையா இதத் தூக்கிக்கிட்டுத் திரிய? காலையில நாவற்குடாவில இரிந்து வாழைச்சேனைக்குக் கொண்டுபோனன், இப்ப திரும்பவும் கொண்டுபோறன். போகக்குள்ள எனக்குப் பக்கத்தில இரிந்த மனிசன் ஏறாவூரிலயே எழும்பி நிண்டுட்டார். ஆள் பாசிக்குடாவுக்குப் போற ஆள், தெரியுமா? அவ்வளவு தூரமும் நிண்டுதான் வந்தவர்.

எல்லாம் ஒரு சொல்லால வந்த வில்லங்கம். 'மணக்குது' எண்டு ஒரு சொல்லு. நீங்க இஞ்சத்த ஆள்தானே?... ஆ, அப்ப வெளங்கும். நம்மட பக்கம் மணக்குது எண்டா என்ன? சப்பாத்து மணக்குது, ஊத்தத் தண்ணி ஓடுற கான் மணக்குது, வாய் மணக்குது. மூக்கப் பொத்துற சாமான் எல்லாம் மணக்குது. நல்லதெண்டா வாசமா இரிக்கு எண்டுவம். இந்தியாவில அப்பிடியில்ல. அங்க மல்லிகப்பூ மணக்கும், நெய் மணக்கும். கெட்டதெண்டா நாறுது எண்டுவாங்க. நம்மட ஊருல ஒராளப் பாத்து நாறுது எண்டு சொன்னா அது கைகலப்புக்குப் போற சொல்லு. எங்கட ஒழுங்கையில ஆச்சிப்பிள்ளை டீச்சர் எண்டு ஓய்வுபெத்த தமிழ் டீச்சர் ஒராள் இரிக்கா. அவ சொல்லுறா, ஆதிகாலத்தில நாற்றம் எண்டாலும் நல்ல வாசந்தானாம். பிறகுதான் பழுதாப்போச்சாம். அப்ப சொல்லும் மீன் மாதிரித்தான் டீச்சர், கன நாள் வெச்சிரிந்தா நாறிப்போகும் எண்டன். டீச்சர் சிரிக்கல்ல.

யோசிச்சுப் பாருங்க தம்பி. கண்ணுக்கு எத்தின சொல்லு, செவப்பு, பச்ச, மஞ்சள் எண்டு. நாக்குக்கு உறைப்பு, புளிப்பு, கசப்பு. இந்த மூக்குக்கு எங்க சொல்லு இரிக்கு? மண் மணம், டீசல் மணம், புதுச்சீல மணம்... எல்லாம் மத்த சாமான்ட பேர இரவல் வாங்கினது. சொந்தமா இரிந்த ரெண்டு மூணு சொல்லயும் நாம ஒரு பக்கமும் அவங்க ஒரு பக்கமுமா இழுத்து வெச்சிரிக்கம்.

சரி, அத விடுங்க. முன்னால பாருங்க... டைவருக்குப் பின் சீட்டு, நீல உடுப்பு, காதில வயர் மாட்டிக்கிட்டு இரிக்கிற புள்ள. அதுதான் என்ட மருமகள். கோமதி. தென்காசிப் புள்ள. என்னோட ஒண்டா இரிக்க மாட்டன் எண்டு போட்டு அங்க போய் இரிக்கு. தகரத்தயும் நீங்களே தூக்குங்க எண்டுட்டு.

என்ட மகன் சதீசன் துபாயில வேல செய்யக்குள்ள அதே கொம்பனியில இந்தப் புள்ளயும். விரும்பி முடிச்சாங்க. நானும் போய்த் தாலி எடுத்துக் குடுத்தன். போன வருசம் ரெண்டு பேரும் இஞ்ச வந்திட்டாங்க. மகனுக்குக் கொழும்பில வேல, சனி ஞாயிறுதான் வருவான். புள்ளக்கு வீட்டில இரிந்தே கம்ப்யூட்டரில வேல. மத்த நாளெல்லாம் வீட்டில நானும் அதுவுந்தான். என்ட மனிசி மோசம் போய், கண் மூடிக் கன காலம். நான் பஸ் டைவரா இரிந்து பென்சன் எடுத்த ஆள், இந்த றோட்டில நல்லரத்தினம் டைவர் எண்டா தெரியும். எனக்கு ஆக்கத் தெரியா. கடையில இடியப்பம், கடையில சோறு. அப்பிடித்தான் கிடந்தன்.

வந்த கிழமையே அந்தப் புள்ள சாம்பார் வெச்சிது. நாம பெருங்காயம் எப்பிடிப் போடுற? ரசத்துக்கு ஒரு பொட்டு, வயித்துவலிக்கு ஒரு பொட்டு. இது தாளிச்ச உடன வீடு முழுக்கப் புடிச்சிட்டு. எனக்குக் கண்ணால தண்ணி வருகுது. புதுசா வந்த புள்ள, ஆசையா ஆக்கியிரிக்கு, மூஞ்சில அடிச்ச மாதிரிச் சொல்ல ஏலாதுதானே. மெதுவா, "புள்ள, மணக்குது" எண்டன். அந்தப் புள்ளட முகம் பூத்துப் போச்சு. அடுத்த நாள் ரெண்டு மடங்கு போட்டிச்சு. நானும் கொஞ்சம் சத்தமா, "சரியா மணக்குது புள்ள" எண்டன். அதுக்கு அடுத்த நாள் மோரிலயும் போட்டிச்சு.

பின்னேரம் தாய்க்குப் போன் எடுத்துச் சொல்லுது, மாமாவுக்கு என் சாம்பார் ரொம்பப் புடிச்சிருக்கு, தினமும் மணக்குது மணக்குதுன்னு சொல்லுதாங்கன்னு. தாய்க்காறி சந்தோசத்தில, இலங்கைக்கு வந்த ஒராள்ட கையில இந்தத் தகரத்தக் குடுத்தனுப்பிப்போட்டா. சம்மந்திக்கு எண்டு விசேசமா வாங்கினதாம்.

அப்பவே சொல்லியிரிக்கலாமே எண்டு யோசிக்கிறீங்க. ஓம்... யோசிப்பீங்க. எனக்கு வெளங்கல்ல எண்டா நினைக்கிறீங்க தம்பி? வெளங்கினது. அந்த ரெண்டாம் நாளே வெளங்கினது. இந்தியன் நாடகம் பாக்காத வீடு எங்க இரிக்கு, மணக்குது எண்டா அவங்களுக்கு என்னண்டு எனக்குத் தெரியாதா? ஆனா சொல்ல மனம் வரல்ல. அந்தச் சொல்லுக்குப் பிறகு அந்தப் புள்ள என்னப் பாத்த பார்வ வேற. முதல் சோறு எனக்கு. பின்னேரம் தேத்தண்ணியோட வடை. மாமா சாப்பிட்டீங்களா, மாமா வெயிலுக்குள்ள போகாதீங்க எண்டு. அந்த வீட்டில என்னப் பாத்து ஒராள் சாப்பிட்டீங்களா எண்டு கேட்டு எவ்வளவு காலம் தெரியுமா? நானும் வாய் நிறைய முறைப்பாடு சொன்ன மாதிரியும் போச்சு, அந்தப் புள்ளக்குப் புகழ்ச்சி கேட்ட மாதிரியும் போச்சு. ஆருக்கு நட்டம் எண்டு விட்டுட்டன்.

அதோட நிண்டிரிந்தா இண்டைக்கு இந்த பஸ்ஸில நான் ஏன்? என்ட வாய் நிக்காது தம்பி, அதுதான் வருத்தம். சலூனில சொன்னன். முடி வெட்டுற பொடியன் கத்தரிக்கோலக் கீழ வெச்சிட்டுச் சிரிச்சான். நல்ல பகிடிதானே. மறுகா தேத்தண்ணிக் கடையில சொன்னன். ஒழுங்கையில நாலு பேருக்குச் சொன்னன். மீன் கொண்டு வாற றுஸ்திக்கும் சொன்னன், காத்தான்குடிப் பொடியன், மோட்டச் சைக்கிளில பெட்டி கட்டிக்கொண்டு வாறவன். அவன் ஒவ்வொரு நாளும் படலையில நிண்டு, காக்கா, இண்டைக்கும் மணக்குதா எண்டு கேப்பான். காக்கா எண்டா அவங்கட பேச்சில அண்ணன். அந்தப் புள்ள உள்ளுக்கிரிந்து, ஆமா அண்ணே நல்லா மணக்கும் எண்டு சொல்லும். நாங்க ரெண்டு பேரும் வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிப்பம்.

போன கிழமை நான் பென்சன் அலுவலா டவுனுக்குப் போயிட்டு வாறன், எங்கட படலையில சனம். என்னண்டா, அண்டைக்கு நானில்ல, புள்ள தானே மீன் வாங்க வந்திரிக்கு. இது நேத்தைய மீனா எண்டு கேட்டிரிக்கு. றுஸ்தி மீனத் தூக்கி நீட்டி, நல்லா மணந்து பாருங்க தங்கச்சி எண்டிரிக்கான். நம்மட பேச்சில மணந்து பாக்கிற எண்டா மூக்குக்குக் கிட்டப் புடிச்சிப் பாக்கிறது. அந்தப் புள்ளக்கு மணந்து பாக்கிற எண்டா கலியாணம் முடிச்சுப் பாக்கிறது. புருசன் ஊரில இல்லாத நேரம் பாத்து மீன்காரன் என்ன மணந்து பாருங்கன்னு சொல்லுதான்னு சத்தம் போட்டுப் படலைய அடிச்சிப் பூட்டியிரிக்கு. சனம் கூடிட்டு. றுஸ்திக்கு வேர்த்து ஊத்துது. பாவம், அஞ்சு வேள தொழுற பொடியன், பொண்டாட்டி றபீக்காவுக்கு இந்தக் கத போனா என்னாகும்? அந்த அவசரத்தில, தன்னில பிழையில்ல எண்டு காட்ட ஏதாவது சொல்லணுமே... அல்லாவே, அதில்ல தங்கச்சி, உங்கட மாமா உங்கட சாம்பாருக்கு மணக்குது மணக்குது எண்டு சொல்லுவாரே, அந்த மணக்கிறதுதான் இது, கெட்ட மணமா எண்டு பாக்கிறது எண்டுட்டான். நிண்ட சனம் எல்லாம் கொல்லெண்டு சிரிச்சிட்டு. ஏனெண்டா எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மட்டுந்தான் தெரியா.

அந்த நேரத்திலதான் நான் போய்ச் சேந்தன். அந்தப் புள்ள அழல்ல தம்பி. அழுதிரிந்தாலும் ஏதாவது சொல்லியிரிப்பன். என்னப் பாத்து, "தெரிஞ்சுதான் சொன்னீங்களா மாமா?" எண்டு கேட்டுது. அவ்வளவுதான். நான் வாய மூடிக்கொண்டு நிண்டன். நான், வாய மூடிக்கொண்டு. அந்தப் புள்ள றுஸ்திக்கிட்ட மட்டும் கும்புட்டு மன்னிப்புக் கேட்டுட்டு உள்ளுக்குப் போய், பேக்க எடுத்துக்கிட்டு வாழைச்சேனைக்குப் போயிட்டுது. அங்க என்ட தங்கச்சி சுலோஜனா இரிக்கிறாள், இந்த நாட்டில அந்தப் புள்ளக்கு வேற ஆர் இரிக்காங்க போக?

மகன் போனில என்ன ஏசினான். அது பெரிசில்ல. கடைச் சோறு சாப்பிட்டன், அதுவும் பெரிசில்ல. ஒரு நாள் மத்தியானம் குசினிக்குள்ள சும்மா போய் நிண்டன். சவுக்கார மணம் மட்டும் வந்திச்சு. மனிசி போன பிறகு வீடு இப்பிடித்தான் இரிந்தது, ஒரு மணமும் இல்லாம, ஆஸ்பத்திரி மாதிரி. அந்தப் புள்ள வந்த பிறகு எனக்கு அது மறந்து போயிட்டு. இந்தத் தகரம் அலுமாரித் தட்டில இரிந்தது. எடுத்து மூடியத் திறந்தன்... மூக்கப் பொத்தல்ல தம்பி. நான் பொத்தல்ல.

அதத் தூக்கிக்கிட்டுத்தான் இண்டைக்குக் காலையில வெளிக்கிட்டன். தங்கச்சிட வீட்டு மேசையில கம்ப்யூட்டர வெச்சிக்கொண்டு புள்ள வேல செய்யிது. நிமிந்து பாக்கல்ல. பஸ்ஸில வரக்குள்ள என்னென்னவோ சொல்ல யோசிச்சு வெச்சிரிந்தன். தகரத்த மேசையில வெச்சிட்டு, "புள்ள, வீடு இப்ப மணக்கிறதே இல்ல" எண்டன்.

கை நிண்டுது. "எந்த ஊர்ப் பேச்சுல சொல்லுதீங்க?" எண்டு கேட்டுது.

"உங்கட ஊர்ப் பேச்சில" எண்டன்.

தங்கச்சி உள்ளுக்கிரிந்து மூக்கச் சீறுற சத்தம் கேட்டுது. அவள் எதுக்கும் அழுவாள். இந்தப் புள்ள அழவுமில்ல, சிரிக்கவுமில்ல. கம்ப்யூட்டர மூடிப்போட்டு, வாறன், ஆனா சிரிச்ச ஒவ்வொரு ஆள்ட்டயும் நீங்களே போய், அது பகிடியில்ல, என்ட புழுகு எண்டு சொல்லணும் எண்டுது. சலூன், தேத்தண்ணிக் கடை, எல்லா இடமும். ஓம் எண்டன். வேற என்ன சொல்ல? இனி ஒருத்தருக்கிட்டயும் இந்தக் கதய எடுக்கவும் கூடா எண்டுது. அதுக்கும் ஓம் எண்டன். சத்தியம் பண்ணிக் குடுத்தன்.

...எங்க தம்பி எழும்புறீங்க? சித்தாண்டிதானே இது. நீங்க டவுனுக்கு எண்டெல்லவா சொன்னீங்க... ஆ, ஆரோ பாக்க இரிக்கா? கோயிலடியிலயா? சரி, சரி, பாத்து இறங்குங்க. பேக்க மிதிச்சிராதீங்க.

...வா புள்ள, இரி. சன்னல் பக்கம் வேணுமா? அங்க ஆருக்குச் சீட்டக் குடுத்த? கைப்புள்ளக்காறிக்கா, நல்லது.

...ஆரு? அந்தத் தம்பியோடயா? ஒண்டுமில்ல, சும்மா. மழ தண்ணியப் பத்தி. வேளாம வெட்டுறதப் பத்தி... ஆ? அந்த வயருக்குள்ள பாட்டு ஒண்டும் ஓடல்லியா?... முன் சீட்டு வரைக்குமா கேட்டது?... டைவருமா சிரிச்சான்?

சரி புள்ள. சரி. இந்தா, இனி வாய் திறக்க மாட்டன்.

...என்ன தங்கச்சி, பின் சீட்டுக்கும் அடிக்குதா? என்ட பேக்குத்தான், கோவிக்காதீங்க. பெருங்காயம்... இல்ல இல்ல, மகளில்ல, மருமகள். தென்காசிப் புள்ள. அது ஒரு பெரிய கத தங்கச்சி, கொஞ்சம் முன்னால சரிஞ்சு இரிங்க, சொல்லுறன்...