விளக்கு எரிந்த தூரம்

— இங்க பாரு தேவி, அவசரப்பட்டு வாங்குற சாமான் இல்ல இது. அதாவது, ஏழு கார் ஸ்கேனரைப் பரிசீலனைக்கு எடுத்து, நாலைத் தள்ளுபடி பண்ணி, மூணை இறுதிப் பட்டியல்ல வெச்சிருக்கேன். மேற்படி மூணுலயும் ஒண்ணுக்கொண்ணு முரண்பாடு இருக்குது.

— ஏங்க, அம்பது நாளா இதே நோட்டைத்தான் படிக்கிறீங்க. போன மாசம் அஞ்சா இருந்துது, இப்ப ஏழு ஆயிருக்குது. உங்க பட்டியல் ஜாஸ்தியாவுது, என் பார்வை கம்மியாவுது.

— கேளு. நானூறு ரூபாய்க்கு ஒண்ணு இருக்குது, தீப்பெட்டி சைஸு. வண்டியில சொருவினா புளூடூத்துல போனுக்குச் செய்தி அனுப்பும். வாங்கினவங்கள்ல பாதிப் பேரு தெய்வம்னு எழுதியிருக்கான், பாதிப் பேரு போலின்னு எழுதியிருக்கான். வண்டி ஒண்ணு சொன்னா அது ஒண்ணு சொல்லுமாம். அடுத்தது ஆயிரத்தி ஐந்நூறு. அது ஐபோனுக்கும் ஆகும்.

— நம்மகிட்ட ஏது ஐபோனு?

— நாளைக்கே வந்துட்டா? அதாவது, தொலைநோக்கு வேணும். மூவாயிரத்துது ஒண்ணு, பிரேக்கு, ஏர்பேகு எல்லாத்தையும் படிக்கும். ஆனா அதோட ஆப்புக்கு வருஷா வருஷம் சந்தா. இதையெல்லாம் சீர்தூக்கிப் பாக்காம கையெழுத்து போட முடியுமா?

— நமக்கு வேண்டியது ஒரு மஞ்ச லைட்டு எதுக்கு எரியுதுன்னு. அவ்ளோதான். செங்கம் ரோட்டு மெக்கானிக் காசி அன்னிக்கே சொன்னான், ஓட்டிக்கினு வாங்க, அஞ்சு நிமிஷத்துல மிஷினை சொருவிப் பாத்து சொல்லிடறேன்னு.

— காசியா? அவன் என்னை அண்ணேங்கிறான். கலெக்டர் ஆபீஸ்ல சூப்பிரண்டா ரிட்டயர் ஆனவன் நான். அவன்கிட்ட போய் பானெட்டைத் திறந்து நிக்கிறதா? நம்ம வண்டியை நாமே பாத்துக்கணும். இப்ப போன் இருக்கிறவன் எல்லாருமே மெக்கானிக்.

— நீங்க மெக்கானிக்காவறதுக்குள்ள எனக்கு ஒரு கண்ணு பூடும் போல. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குக் குடுத்த தேதி ரெண்டு போயாச்சு. மொத தேதிக்கு, லைட்டு எரியறப்ப நூறு கிலோமீட்டர் ஓட்டினா எஞ்சின் பூடும்னீங்க. ரெண்டாவது தேதிக்கு, ஸ்கேனர் வந்துடட்டும்னீங்க. பஸ்ஸுல போறேன்னேன். சூப்பிரண்டு சம்சாரம் கண்ணுல கட்டோட பஸ்ஸுல வந்து இறங்கினா ஊரு என்ன பேசும்னீங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மூணாவது தேதி. அதையும் விட்டா அடுத்த வாரம் தீபத்துக்குக் கொடியேறிடும், அப்புறம் இந்தப் பக்கம் வண்டி நகராது. வலது கண்ணுல புரை முத்திப்போச்சு, இனிமே தள்ளக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு.

— எனக்கு மட்டும் அக்கறை இல்லியா? அந்த விளக்கு எரிஞ்ச அன்னிக்கே கவரைப் போட்டு மூடினவன் நான். அம்பது நாளா வண்டி ஒரு அடி நகரல. அதாவது, அது விளக்கே இல்ல தேவி. சாயந்தரம் எனக்கு எடுக்கிற பாராட்டு விழாவுல அதைத்தான் பேசப்போறேன். எழுதியே வெச்சிருக்கேன். ‘என் வாகனத்தில் ஒரு மஞ்சள் ஒளி தோன்றியது. அப்பாதுரை, இயந்திரத்தை விடு, காலால் நட என்று அண்ணாமலையார் ஆணையிட்டார். அன்று தொடங்கி நாற்பத்தெட்டு நாள், விடியற்காலை நான்கு மணிக்கு, வெறுங்காலோடு, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம்.’ இங்க கைதட்டலுக்கு இடம் விட்டிருக்கேன்.

— கிரிவலப் பாதை முனையில சுக்கு காபி விக்குதே பாஞ்சாலை, அது என்னைக் கேக்குது. மூணு மணியிலேர்ந்து இங்கதான் குந்தினு இருக்கேன், சாரு நடக்குறாருன்றாங்க, ஒரு நாளும் கண்ணுல படலியேம்மான்னு.

— மௌனமா, வேகமா போறவன் நான். காபி ஆத்துறவ கண்ணுல எப்படிப் படும்? எட்டு லிங்கத்துக்கிட்டயும் நின்னு போட்டோ எடுத்து நகர் நலச் சங்கம் குரூப்புல தினம் போட்டிருக்கேனே. அது போதாதா சாட்சி?

— போட்டோவுல விபூதி அழியாம பளிச்சுனு நிக்கிறீங்க, நெத்தியில ஒரு சொட்டு வேர்வை இல்ல. சரி, ஊரே நடக்குற ரெண்டு பௌர்ணமிக்கும் நீங்க மட்டும் நடக்கலியே, அதையும்தான் கேக்குறாங்க.

— பௌர்ணமி அன்னிக்கு என்ன கூட்டம். பாதை பூரா போலீசு, வண்டி வாசி எதையும் உள்ள விட மாட்டான். தியானம் கலைஞ்சிடும். அதனாலதான் அந்த ரெண்டு நாளைத் தள்ளி அம்பது நாள்ல நாப்பத்தெட்டு நடை. சங்கத்துல தீர்மானம் போட்டு ஏத்துக்கிட்டாங்க. ‘நடைச் செம்மல்’ பட்டம், பொன்னாடை, எல்லாம் முடிவாயிடுச்சு.

— பேசிக்கினே நடந்து பலராமனோட காலி மனைக்கு வந்துட்டோம். கவரை எடுங்க.

— எதுக்கு? வண்டி கெடக்கட்டும்.

— நம்ம சந்துல நுழையாதுன்னு இங்க கொண்டாந்து நிறுத்தினதுலேர்ந்து நான் வண்டியைப் பாக்கவே இல்ல. எடுங்க. என் பையில என்ன இருக்குதுன்னு பாருங்க.

— என்ன இது டப்பா?

— ஸ்கேனரு. அண்ணன் பொண்ணு அபிநயா மெட்ராஸ்ல கார் கம்பெனியில இருக்குதில்ல, அதைக் கேட்டேன். அத்தே, உங்க வண்டி ரெண்டாயிரத்திப் பதினஞ்சு, பெட்ரோலு, மாமா போனு ஆண்ட்ராய்டு, சாதாரண புளூடூத்து ஒண்ணு போதும், ஓசி ஆப்பே போதும்னுச்சு. லைட்டு எதுக்கு எரியுதுன்னு சொல்லணும், சரி பண்ணதும் அழிக்கணும், அதுக்கு மேல படிக்கிறதுக்கெல்லாம் துட்டு குடுக்காதேன்னு அதுவே ஒண்ணைப் பாத்து அனுப்பிச்சுது. எண்ணூத்தித் தொண்ணூறு ரூபா. நேத்து கூரியர்ல வந்துது.

— என் ஒப்புதல் இல்லாமலா? இது என் பட்டியல்லயே இல்லியே.

— உங்க பட்டியல்ல ஏறியிருந்தா இது இன்னும் கடையிலதான் இருக்கும். ஆப்பை நேத்தே உங்க போன்ல ஏத்திட்டேன், அபிநயா போன்லயே சொல்லிக் குடுத்துச்சு. சொருவுங்க.

— சொருவுறேன். இதுக்கு ஒரு ஓட்டை இருக்கணுமே. டேஷ்போர்டுல இல்ல. சிகரெட் லைட்டருக்கிட்டயும் இல்ல. பானெட்டுக்குள்ள இருக்குமோ என்னவோ.

— அம்பது நாள் ஆராய்ச்சியில அதை எங்க சொருவணும்னு பாக்கலியா?

— அது தனித் தலைப்பு. இன்னும் எடுக்கல.

— நகருங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ, முட்டிக்கு மேலன்னுச்சு. ஒரு கண்ணுக்காரி கையாலயே தடவிக் கண்டுபிடிக்கிறேன். இதோ. சாவியைத் திருவுங்க.

— பாத்தியா, ஒரே திருவுல ஸ்டார்ட்டு.

— அம்பது நாளு நின்ன வண்டி முக்காம முனகாம எழுந்துக்குதே.

— பராமரிப்பு. அதாவது, பாட்டரி இறங்கிடக்கூடாதுன்னு நடந்துட்டு வந்ததும் தினம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். இரு, போன்ல என்னமோ வருது. இதை உடனே நம்பிடக் கூடாது. மொதல்ல நான் சரிபாக்குறேன். சேசிஸ் நம்பர் பதினேழு எழுத்து, ஆர்.சி. புக்கைக் குடு. ஒத்துப்போவுது. எஞ்சின் சுத்து, முள்ளும் போனும் ஒண்ணு. பாட்டரி வோல்ட்டு சரி. பரவாயில்ல தேவி, நம்பகமான கருவி. நானே சான்று குடுக்கிறேன்.

— சான்று அப்புறம் குடுங்க. லைட்டுக்கு என்ன காரணம் போட்டிருக்குது? எனக்கு எழுத்தெல்லாம் மசமசன்னு இருக்குது, நீங்கதான் படிக்கணும்.

— பி சைபர் ஒண்ணு ஒண்ணு மூணுன்னு கோளாறு நம்பர் போட்டிருக்குது. அதாவது, எஞ்சினுக்குள்ள போற காத்தோட சூட்டைப் பாக்குற சென்சாரு. அதுகிட்டேருந்து சேதி வரல. இணைப்பு துண்டிப்பு.

— காத்து எந்த வழியா போவுது?

— ஏர் பில்டர் வழியா.

— நீங்க விரதம் ஆரம்பிச்சதுக்கு மொத நாளு, யூடியூபைப் பாத்துக்கினு அந்த பில்டரைக் கழட்டித் தட்டினது யாரு? பனியன் பூரா மண்ணு. நான்தான் தொவைச்சேன்.

— இரு, பாத்துட்டு வரேன்.

— என்னங்க, பானெட்டுக்குள்ள தலையை விட்டுக்கினு என்னத்தைப் பாக்குறீங்க?

— ஒரு ஒயரு தொங்குது.

— சொருவினீங்களா?

— ம். டக்குனு உக்காந்துடுச்சு.

— அப்ப அண்ணாமலையார் ஆணையிட்டது இந்த ஒயரைக் கொண்டுதானா? இதுக்கா என் கண்ணு அம்பது நாளு காத்துக்கினு இருந்துது? காசி அஞ்சு நிமிஷம்னான். அதுகூட ஆவல.

— கோவப்படாத. இறைவன் ஒயர் மூலமாவும் பேசுவான். பேச்சுல அந்தப் பத்தியை மாத்த வேண்டியதில்ல. இப்ப அழிச்சிடறேன், விளக்கு அணைஞ்சுடும்.

— இருங்க. அழிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்துல இருக்குறது எல்லாத்தையும் படிச்சுடணும், அழிச்சா எல்லாம் பூடும்னு அபிநயா சொல்லிச்சு. கோளாறு மறுபடி வந்தா கணக்குப் பாக்க ஆவுமாம். கீழ என்ன இருக்குது?

— டிஸ்டன்ஸ் வித் எம்.ஐ.எல். ஆன். நல்லா கேட்டுக்க, இதெல்லாம் காசிக்கே தெரியாது. எம்.ஐ.எல்.ங்கிறது இந்த மஞ்சள் விளக்கு. அதாவது, விளக்கு எரிய ஆரம்பிச்ச நிமிஷத்துலேர்ந்து இன்னிய வரைக்கும் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குதுன்னு எஞ்சின் கம்ப்யூட்டர் தானா எழுதி வெச்சுக்கும். ஆபீஸ் ஜீப்புக்கு லாக் புக்கு இருக்கும் பாரு, அது மாதிரி. ஆனா ஜீப்பு டிரைவர் பொய் எழுதுவான், இது எழுதாது. அருமையான ஏற்பாடு.

— எவ்ளோ போட்டிருக்குது?

— அது ஒண்ணும் முக்கியமில்ல. அழிச்சிடட்டுமா?

— படிங்க.

— அறுநூத்தி எழுவத்தி ரெண்டு.

— ஒரு அடி நகராத வண்டியா?

— மலிவு சாமான் தேவி. நான் மொதல்லயே எச்சரிச்சேன். வண்டி ஒண்ணு சொன்னா இது ஒண்ணு சொல்லும்னு நோட்டுலயே இருக்குது.

— நம்பகமான கருவின்னு இப்பதான் சான்று குடுத்தீங்க. ஆர்.சி. புக்கு இன்னும் உங்க மடியில இருக்குது.

— தினம் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன் இல்ல, அதைக் கணக்குல எடுத்துக்கிச்சோ என்னவோ.

— நின்ன எடத்துல உறுமினா கிலோமீட்டர் ஏறுமா? பாண்டிச்சேரிக்குப் போக வர இருநூத்திப் பத்து. மூணு தடவை என்னைக் கூட்டிக்கினு போயி கூட்டிக்கினு வந்திருக்கலாம். எஞ்சின் பூடும்னீங்களே, எங்க பூட்டுது?

— சாயந்தரம் ஆறு மணிக்கு விழா தேவி. வேங்கிக்கால்லேருந்து என் பழைய ஆபீஸ் ஆளுங்க எல்லாம் வராங்க. பேனர் கட்டியாச்சு.

— விழாவுக்குப் போங்க, நான் வாயைத் திறக்கல. அறுநூத்தி எழுவத்தி ரெண்டைப் பதினாலால வகுங்க.

— அது இப்ப எதுக்கு?

— சூப்பிரண்டுதானே, வகுங்க.

— நாப்பத்தெட்டு.

— நாளைக்கும் நாலு மணிக்கே எழுந்துக்குங்க, செருப்பு போட்டுக்கலாம். பாண்டிச்சேரி நூத்தி அஞ்சு கிலோமீட்டரு, உங்க கணக்குல ஏழரைச் சுத்துதான்.