யார் என்று பதினோரு முறை கேட்டவள்

அவையைத் தன் அமைதியாலேயே ஆளும் தலைவர் அவர்களே, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி முன்வரிசையிலிருந்து என்னை எடைபோடும் பெரியோர்களே, கைவேலையைப் பாதியில் விட்டு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, கணினியைத் தொடவே தயங்கும் தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

புதிதாகக் கணினி பழகுபவர் லினக்ஸுக்கு மாறலாமா? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களில் அது ஒன்று. யூனிக்ஸ் என்ற பழைய மென்பொருளின் வழியில் வந்தது. உள்ளே என்ன ஓடுகிறது என்று உரிமையாளர் திறந்து பார்க்கலாம் என்பதே அதன் பெருமை.

என்ன பின்வரிசை ஐயா, ஆமாம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு இறங்கச் சொல்கிறீர்களா? ஒருத்திக்கு அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத்தான் இன்றுவரை உறுத்தலோடு நிற்கிறேன்.

நான் ஓர் அச்சகத்தில் கணினிகளைப் பராமரிப்பவள். அங்கே பிழை திருத்தும் பெண் ஒருத்தி. காற்புள்ளி என்று அவளைக் கூப்பிடுவோம். நானூறு பக்கத்தில் ஒரு காற்புள்ளி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். திருமணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். கணவர் பூட்டுக்கடைக்காரர். குரல் உயர்த்தாத மனிதர். குரல் உயர்த்தாதவர் என்றால் நல்லவர் என்றுதானே நாம் நினைக்கிறோம்?

ஒரு நாள் தன் தங்கைக்குக் கணினியில் கடிதம் தட்டினாள். "உன் வீட்டுக்கே வந்துடலாமான்னு இருக்கு" என்று எழுதினாள். படித்தாள். பயந்தாள். அழித்தாள். அனுப்பவே இல்லை.

மாலையில் கணவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னா போயேன். எழுதிட்டு எதுக்கு அழிக்கிற?"

தாய்மார்களே, அனுப்பிய கடிதம் அகப்படலாம். அழித்த எழுத்து எப்படி அகப்படும்? திரையில் இல்லாததை, தாளில் இல்லாததை, தன் நெஞ்சில் மட்டுமே மிஞ்சியதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் எப்படி இருக்கும்?

மறுநாள் என்னைக் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது. "அக்கா, நான் நினைக்கிறது அவருக்குக் கேக்குது."

கணவர் கடைக்குப் போன நேரத்தில் போனேன். ஒளிந்திருந்து வேவு பார்க்கும் மென்பொருள் என்று அடித்துச் சொன்னேன். பழையதை முழுக்கத் துடைத்து லினக்ஸ் ஏற்றினேன். "மாறிட்டல்ல, இனி உன்னைத் தவிர உள்ள யாருமில்ல" என்றேன். யார் என்று பொருள்படும் மூன்றெழுத்துக் கட்டளை ஒன்று அதில் உண்டு. தட்டினால் உள்ளே நுழைந்திருப்பவர் பட்டியல் வரும். தட்டினாள். ஒரே வரி. அவள் பெயர். சிரித்துவிட்டாள்.

இரண்டாம் நாள் மாலை. கணவர் டம்ளரை வைத்தார். அதே உயராத குரல்.

"இன்னைக்கு பதினோரு தடவை யாருன்னு கேட்டிருக்க. யாரைத் தேடுற?"

மறுநாள் காலை நான் போனபோது கணினியை விட்டுத் தள்ளி, சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஓடுகின்ற ஒவ்வொன்றையும் பட்டியலிட்டேன். ஒவ்வொரு வரியாக அவளுக்குப் பொருள் சொன்னேன். எங்களுக்குத் தெரியாத வரி ஒன்றுகூட இல்லை.

அவள் கேட்டாள்: "அப்போ உள்ள யாருமே இல்லையா?"

"இல்லம்மா."

"சரி. எழுத்துல தப்பு இல்லைன்னா தாள்ல பார்க்கணும்."

எழுந்தாள். பிழை திருத்தும் மெய்ப்புத் தாளில் வரியோடு விரல் ஓட்டுவாளே, அப்படியே விசைப்பலகையின் வயரில் விரல் ஓட்டினாள். மேசைக்குப் பின்னால், சுவர் ஓரம், இருட்டு. விரல் நின்றது. வயர் கணினியில் நுழையும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே, கட்டைவிரல் நுனியளவு கருப்புத் துண்டு. தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் விழுங்கி வைக்கும் துண்டு. அழித்ததையும் சேர்த்து. கழற்றி வேறொரு கணினியில் செருகினால் அத்தனையும் படிக்கலாம்.

அவையோரே, லினக்ஸ் அவளைக் காப்பாற்றியதா? இல்லை. மாறு, சரியாகிவிடும் என்ற என் வாய்ச்சவடால் அவளைக் காப்பாற்றியதா? அதுவும் இல்லை. ஆனால் உள்ளே யாரும் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் உரிமையை அந்தக் கணினி தந்தது. உள்ளே இல்லை என்று உறுதியான பிறகுதான் வெளியே தேடும் துணிவு வந்தது. தேடியது அவள் விரல்.

துண்டைப் பிடுங்கிக் கைப்பைக்குள் வைத்தாள். இரண்டு புடவை, படிக்காத மெய்ப்புக் கட்டு, அவ்வளவுதான். என்னோடு கிளம்பிவிட்டாள். தங்கை வீட்டு வாசலில் நாங்கள் இறங்கும்போது என் கைப்பேசி அடித்தது. கணவர்.

கேளுங்கள். அவள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. சாப்பிட்டாளா, நலமா என்று கேட்கவில்லை. "அது எங்க?" என்றார்.

காற்புள்ளி கையை நீட்டினாள். கைப்பேசியைக் கொடுத்தேன்.

"எங்கிட்ட இருக்கு" என்றாள். "நாளைக்கு வக்கீல் படிப்பாரு."

பின்வரிசை ஐயா கேட்டதற்கு இப்போது விடை சொல்கிறேன். மாறுங்கள். தாராளமாக மாறுங்கள். ஆனால் மாறினால் போதும் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். கேளுங்கள். கேட்கப் பழகுங்கள். உங்கள் கணினியில் யார் என்று கேளுங்கள், உங்கள் அறையில் யார் என்று கேளுங்கள், பதினோரு முறை ஆனாலும் கேளுங்கள்.

இவ்வளவு நேரம் இருமல்கூட இல்லாமல் கேட்ட உங்களுக்கு என் நன்றி. வீட்டுக்குப் போனதும் மேசைக்குப் பின்னால் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். வணக்கம்.