நிழல் போட்ட போஸ்டர்

— அந்தச் சன்னல மூடுங்க அண்ணே. எவனாவது நம்மள மேல பாத்துட்டா செத்தோம்.

— மூடிட்டு என்னத்தப் பாக்க? ஏ பிள்ள சித்ரா, எந்திரிச்சு வந்து இங்கன நில்லு. ஸ்டேடியத்துல தரையே தெரியல.

— நான் வரல ரெக்சன் அண்ணே. நீங்களே சொல்லுங்க. எம்புட்டுப் பேரு இருக்கும்?

— போன மாசம் இதே மைக் ரூம்ல உக்காந்து, பாட்டு கேக்க ரசிகர் மன்றக் கூட்டம் போட்டோம்லா. எத்தன பேரு வந்தான்?

— நாப்பது. அதுலயும் பாதி உங்க ஊர்ப் பயலுவ. பரோட்டா வாங்கித் தாரேன்னு நீங்க கூட்டிட்டு வந்தது.

— இன்னைக்கு ஒரு படிக்கே நாப்பது பேரு உக்காந்திருக்கான். படியெல்லாம் நெறஞ்சு கிரவுண்டுக்குள்ள எறங்கிட்டான். இன்னும் வந்துக்கிட்டே இருக்கான். ரோட்டுல பஸ்ஸு நகரல.

— பாட்டு கேக்கத்தான் வந்திருப்பாவ அண்ணே. போஸ்டர்ல அப்டித்தான போட்டிருக்கேன். ஆறு மணிக்கு எல்லாரும் சேந்து அவங்கவங்க போன்ல அகரனோட ‘பாலத்துக்கு அங்கிட்டு’ பாட்டப் போடணும், பாட்டு ஆப்புல நாலாவது எடத்துல கெடக்க பாட்டு மொத எடத்துக்கு வரணும்னு.

— அது கீழ, எறும்பு ஊர்ந்தாப்புல போட்டிருக்க. மேல பெருசா என்ன போட்டிருக்க?

— ‘சிறப்பு விருந்தினர் யார்?’னு கேட்டு ஒரு நிழல் போட்டேன். பேரு போடலையே அண்ணே.

— பேரு எதுக்கு? தொப்பியத் திருப்பி மாட்டி, ஒரு கை இடுப்புல, ஒரு தோளு சாஞ்சு. அகரன விட்டா தமிழ்நாட்டுல வேற யாரு அப்டி நிப்பா? எம்மவ இன்னும் சரியா பேச்சு வராதவ, அவ அந்த நிழலப் பாத்துட்டு ‘அக்கு மாமா’ங்கா.

— நாப்பது பேரு எரநூறு பேரா வரட்டும்னுதான் போட்டேன். சத்தியமா அண்ணே.

— சரி. ‘அகரனா வாராரு?’ன்னு கீழ கேட்டவனுக்கெல்லாம் என்ன பதில் போட்ட?

— ஒரு இதயம் போட்டேன். செவப்பு இதயம்.

— மாதாவே.

— திட்டுங்க அண்ணே. ஆனா எனக்கு எப்டி வயிறு எரிஞ்சுதுன்னு உங்களுக்குத் தெரியும்லா? சென்னையில ரெண்டு நாளு ஸ்டேடியம் நெறஞ்சுது. கோயம்புத்தூர்ல மழைக்குள்ள நின்னு பாடுதாரு. மலேசியாவுல பாடுதாரு, யாழ்ப்பாணத்துல பாடுதாரு. இங்கிட்டு வந்தா மதுரையோட திரும்பிருதாரு. பாட்டுல வாரது நம்ம ஆத்துப் பாலம், பாடுததுக்கு மட்டும் நம்ம ஊரு ஆகாதா?

— அவரு என்ன செய்வாரு? கச்சேரி நடத்துதவன் கணக்குப் பாக்கான். திருநவேலிப் பக்கம் கேக்க ஆளே இல்லன்னு அவன் கம்ப்யூட்டர் காட்டுது.

— நம்ம சனம் பாட்ட வாட்சப்புல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டே கெடந்தா கணக்குல எப்டி ஏறும்? ஊரே பாடுது, எண்ணிக்கையில ஒருத்தரும் இல்ல. ஒரே ஒரு நாளு நம்ம ஊரு ஆளுவள கண்ணுக்குத் தெரியிற மாதிரி காட்டிரணும்னுதான் அண்ணே…

— காட்டிட்ட. நான் மட்டும் என்ன யோக்கியனா? ஹார்பர்ல கிரேன் மேல உக்காந்துக்கிட்டு, வேலையப் பாக்காம, ஒரு குரூப்பு விடாம உன் போஸ்டர அனுப்புனது நான்தான. கீழ குலசேகரன்பட்டினத்துல இருந்து ஒரு வேன் வந்து நிக்கு. சேரன்மகாதேவில இருந்து கல்யாணப் பொண்ணு மாதிரி மல்லியப்பூ வச்சிட்டு ஒரு கூட்டம் வந்து எறங்கிருக்கு.

— மணி ஆறு ஆச்சா?

— ஆயிட்டு. ஒருத்தன் போன்லயும் பாட்டு ஓடல. இத்தன பேரு ஒரே எடத்துல நின்னா நெட்டு எப்டி வேல செய்யும்? எல்லாவனும் போனத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கான்.

— பாட்டும் போச்சா?

— பாட்ட விடு. வாசலப் பாரு. நான் அதத்தான் அப்பவே பிடிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கேன்.

— என்ன வாசலு?

— மேக்க வாசலுக்கு முன்னால மராமத்து வேலைக்கு மண்ணும் கம்பியும் கொட்டி, பூட்டிப் போட்டிருக்கு. இருக்கது கெழக்க வாசல் ஒண்ணுதான். அதுலயும் ஒரு கதவுதான் தொறந்திருக்கு. எரநூறு பேருன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தோம்லா, அதுக்கு ரெண்டு ஏட்டையாவ அனுப்புனாவ. அவங்களையும் இப்பக் காணல, கூட்டத்துக்குள்ள முங்கிட்டாவ.

— ஐயையோ.

— கூட்டம் ஆடுதது தெரியுதா? தனித்தனியா ஆளு ஆடல. மொத்தமா அந்தப் பக்கம் சாயுது, மொத்தமா இந்தப் பக்கம் வருது. கடல்ல போய்ப் பழகுனவன் எனக்கு இது பிடிக்கல பிள்ள.

— இருங்க, போன் அடிக்கு. யம்மா நம்பரு.

— எடு. ஸ்பீக்கர்ல போட்டுக் கத்திப் பேசு, இல்லன்னா கேக்காது.

— யம்மா! சொல்லு யம்மா. வீட்ல என்ன இவ்வளவு சத்தம்? டிவியா?

— ஏட்டி, என்ன வீடு? நான் ஸ்டேடியத்துல இல்லா நிக்கேன்!

— எங்க?

— ஸ்டேடியத்துலட்டி. நானும் எதுத்த வீட்டு உலகம்மாளும் ஆட்டோ பிடிச்சு வந்தோம். உன்கிட்ட சொன்னா ‘இந்த வயசுல ஏன்’ம்ப. ரிட்டயர்டு ஆன டீச்சர் அகரன் பாட்டு கேக்கக் கூடாதுன்னு சட்டமா? நீதான பழக்கி விட்ட. இப்ப அந்தப் பாட்டப் போடாம எனக்கு மாவே ஆட்ட முடியல.

— யம்மா, எங்கன நிக்க? வாசல் பக்கமா?

— வாசல்ல நிக்கவா வந்தோம்? மேடைக்கு முன்னால கம்பி கட்டிருக்காவள்லா, அதப் பிடிச்சுட்டு நிக்கேன். நல்ல எடம். பொம்பளையளுக்குப் பயலுவ வழி விட்டானுவ. தங்கமான பிள்ளையளு.

— யம்மா, நீ ஒடனே வெளிய போ.

— எதுக்கு?

— சொல்லுததக் கேளு. போயிரு.

— நல்லா இருக்கே கத! பின்னால திரும்ப எடம் இல்லட்டி. உலகம்மாளு கைய ஒசத்துனா, எறக்க எடமில்லாம அப்டியே வச்சிட்டு நிக்கா. அவரு வந்து ரெண்டு பாட்டுப் பாடட்டும், பைய வாரேன். வச்சிருதேன்.

— யம்மா! யம்மா! … வச்சிட்டா அண்ணே.

— கேட்டேன். ஏ பிள்ள, அழாத. இந்தா லேஞ்சி, மூஞ்சியத் தொட. இப்ப யோசிக்கணும்.

— கம்பிக்கு முன்னால நிக்கா அண்ணே. பின்னால இருந்து தள்ளுனா…

— அதச் சொல்லாத. மைக்க எடு.

— எடுத்து?

— உண்மையச் சொல்லு. அகரன் வரல, யாரும் நிக்க வேண்டாம், பைய வீட்டுக்குப் போங்கன்னு சொல்லு.

— கொன்னுருவானுவ.

— யாரக் கொல்லுவான்? நம்மளத்தான? உங்கம்மாவ இல்லியே.

— வேற ஏதாவது சொல்லலாமா? எடத்த மாத்திட்டோம், அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாராருன்னு…

— ஓடுவான். ஒரு கதவுக்குள்ள இத்தன பேரும் ஓடுனா என்ன ஆகும்? எவனையும் ஓட வைக்கக் கூடாது. வருத்தப்பட்டுட்டுப் போறவன் பைய நடந்துதான் போவான். அந்த வருத்தத்தத்தான் இப்ப குடுக்கணும் நாம.

— நீங்க பேசுங்க அண்ணே. உங்க குரலு பெருசு.

— நான் பேசுதேன். எனக்கு ஒண்ணுமில்ல. வீட்ல லிண்டாகிட்ட மட்டும்…

— வேண்டாம். குடுங்க. பிள்ளக்காரரு நீங்க. நெழலப் போட்டது நான்.

— சிவப்புப் பொத்தான அமுக்கு. மூச்சு விட்டுட்டுப் பேசு.

— ‘எல்லாருக்கும் வணக்கம். நான் நெல்லை அகரன் ரசிகர் மன்றத்துல இருந்து சித்ரலேகா பேசுதேன். ஒரு சின்ன அறிவிப்பு. சில காரணங்களால இன்னைக்கு அகரன் அண்ணன்…’

— சுத்தி வளைக்காத பிள்ள. விசில் அடிக்கான் பாரு, வாராருன்னு சொல்லப் போறன்னு நெனைக்கான்.

— ‘அண்ணன் வரல! வரவே மாட்டாரு. அவருக்கு இந்தக் கூட்டமே தெரியாது. அந்த நெழல நான்தான் போட்டேன். நீங்க வரணும்னு போட்டேன். பொய்யி. முழுப் பொய்யி. என்னய என்ன வேணா செய்யுங்க, நாளைக்குச் செய்யுங்க. இப்ப பைய திரும்புங்க. கெழக்க வாசல் ஒண்ணுதான் இருக்கு. படியில இருக்கவங்க உக்காருங்க. வாசல் பக்கத்துல நிக்கவங்க மொதல்ல போங்க. முன்னால எங்கம்மா நிக்கா. உங்க அம்மாமாரும் நிக்காவ. தள்ளாதீங்க. கெஞ்சிக் கேக்கேன், தள்ளாதீங்க.’

— போதும். வச்சிரு. கீழ உக்காரு, செருப்பு வருது.

— எல்லாரும் கத்துதாவ.

— கத்தட்டும். வையட்டும். கத்துதவன் நின்னுக்கிட்டுத்தான் கத்துதான், ஓடல. … ஏ பிள்ள, இங்க பாரு. நகருதான்.

— நெசமாவா?

— வாசல்ல இருந்தவன் திரும்பிட்டான். உள்ள வந்தவன் வெளிய போறான். பைய. ஆத்துல தண்ணி வடிஞ்சாப்புல வடியுது. படியில இருக்கவன் உக்காந்துட்டான், நீ சொன்னபடியே.

— யம்மா தெரியுதாளா? பச்சச் சேலை கட்டிருப்பா.

— எத்தன பச்சச் சேலை! இரு, உன் போன் அடிக்கு.

— யம்மா!

— மைக்ல பேசுனது நீதான?

— நான்தான்.

— நான் வகுப்பெடுத்த பிள்ளையளு இங்கன எம்புட்டுப் பேரு நிக்காவ தெரியுமா? ‘டீச்சர், அது உங்க மகளா’ன்னு கேக்காவ. மொகத்த எங்க கொண்டு வைக்க?

— தப்புதான் யம்மா. எங்கன நிக்க?

— வாரேன், வாரேன். கம்பிய விட்டு வந்தாச்சு. உலகம்மாளு கையப் பிடிச்சிருக்கேன். பயலுவ கேக்கமாட்டேன்னானுவ. ஒரு அதட்டு அதட்டுனேன், வரிசையாப் போறானுவ.

— போனக் காதுலயே வச்சுக்க. வெளிய போற வரைக்கும் பேசிக்கிட்டே இரு.

— உனக்கு வீட்ல இருக்கு கச்சேரி. … ஆனா ஒண்ணு சொல்லுதேன் சித்ரா, சொன்னியே, அது நல்லதுட்டி. ஒரு மாதிரி மூச்சு முட்டிக்கிட்டு வந்துச்சு அங்க. உன்கிட்டச் சொல்லல.

— எங்க வந்திருக்க?

— வாசல் தெரியுது. இன்னும் பத்துப் பதினஞ்சு எட்டு வச்சாப் போதும்.

— அண்ணே, வாசல்கிட்ட வந்துட்டா! மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நான் வைக்கேன் அண்ணே. ரெண்டு வைக்கேன்.

— வை, வை. எனக்கும் சேத்து வை. இரு, லிண்டா கூப்பிடுதா. … சொல்லு லிண்டா. ஆமா, நல்லாத்தான் இருக்கோம். … என்னது? … எங்க பாத்த? … லைவ்லயா?

— என்ன அண்ணே?

— இரு பிள்ள. … திரும்பச் சொல்லு லிண்டா. அவரே சொன்னாரா? அவரு வாயால சொன்னாரா?

— என்ன சொல்லுதா?

— நம்ம கூட்டத்த எவனோ வெளிய இருந்து வீடியோ எடுத்துப் போட்டிருக்கான். நாடு பூரா ஓடுதாம். மணிமுத்தாறு பக்கத்துல அகரன் யாருக்கும் தெரியாம பாட்டுக்குப் படம் எடுத்துக்கிட்டு இருந்திருக்காரு. வீடியோவப் பாத்துட்டு அழுதுட்டாராம். ‘நெல்லைக்காரங்க எனக்காக நிக்காங்க, நான் எப்டி வராம இருப்பேன், கெளம்பிட்டேன்’னு இப்ப லைவ்ல சொல்லிட்டாராம்.

— வெளிய இருக்கவங்களுக்குத் தெரியுமா?

— வெளிய நெட்டு கெடைக்கும்லா. அங்க பாரு… வெளிய போனவன் எல்லாம் திரும்பிட்டான். ஓடி வாரான் சித்ரா. வாசலப் பாத்து ஓடி வாரான். மைக்க எடு!

— யம்மா! யம்மா, கேக்குதா? வாசலுக்குப் போகாத! ஓரமாப் போயிரு! செவரு பக்கமாப் போயிரு!

— மைக்கு வேல செய்யல பிள்ள. கத்துத கத்துல நம்ம சத்தம் யாருக்குக் கேக்கும்? அகரன் பேரச் சொல்லிக் கத்துதான், எல்லாரும் ஒண்ணா.

— யம்மா!

— ஏட்டி சித்ரா! கேட்டியா? வாராராம்லா! நீ சொன்னது பொய்யில்லட்டி, நெசமாவே வாராராம்! வெளிய நின்ன பயலுவ எல்லாம் ஆடிக்கிட்டு வாரானுவ…

— ஓரமாப் போ யம்மா! உலகம்மா அத்த கைய விட்டுராத!

— உலகம்மாளா? இப்ப இங்கனதான நின்னா… ஏட்டி, என்னமோ மாதிரி இருக்குட்டி. நான் நடக்கல, ஆனா பின்னால போய்க்கிட்டே இருக்கேன். என் காலு தரையில இல்ல சித்ரா.