கூர்வனின் கடைசி அத்தியாயம்

அன்று நான் பஸ்ஸில்தான் போனேன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் கிடைக்காது. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும், வெயில் வேறு. கையில் மீன் வைத்த ஆறு மாலு பணிஸ் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோபத்தோடு போகிறவன் மாலு பணிஸ் வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போகமாட்டான்.

கனம் நீதவான் அவர்களே, மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனால் நான் மூன்று வசனம் சொன்னால் சிங்களத்தில் அதை ஒன்றாக்கிவிடுகிறார். அதனால்தான் தாள் கேட்டு வாங்கி எழுதித் தருகிறேன். என் சட்டத்தரணி முத்துலிங்கம் ஐயாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "தம்பி கஜேந்திரன், ஒத்திகையில கை தவறிப் போச்சு எண்டு மட்டும் சொல்லும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் பதினெட்டு வருடமாக ஜூடோ பழக்குகிறவன். என் கை தவறியதில்லை. அப்படி ஒரு பெயரை வாங்கிக்கொண்டு வெளியே வர எனக்கு மனமில்லை.

ஸப்வான் எழுதிய 'ஏழுகடல் காவல்' தொடரைத் தமிழ் வாசிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும். ஆறு புத்தகம் வந்துவிட்டது, ஏழாவதுதான் கடைசி. அலையன் என்ற இளைஞன் மந்திரத் தீவுகளைக் காக்கிறான். கூர்வன் அவனுடைய பரம எதிரி. முதல் புத்தகத்தில் கூர்வன் அலையனின் அண்ணனைக் கொல்கிறான், அலையனின் இடது காதை அறுக்கிறான். மூன்றாம் புத்தகத்தில் மனம் மாறி அவன் பக்கம் வந்துவிடுகிறான். இப்போது பிள்ளைகளுக்கு அலையனைவிடக் கூர்வனைத்தான் பிடிக்கும். போன வருடம் புத்தகக் கண்காட்சியில் கூர்வன் முகமூடி போட்டுக்கொண்டு ஒரு வரிசையே நின்றது. நானும் அதன் கடைசியில் போய் நின்றேன்.

ஏனென்றால் கூர்வன் நான்தான்.

பதினைந்து வயதில் நானும் ஸப்வானும் வெள்ளவத்தையில் ஒரே டியூஷனில் கணிதம் படித்தோம். மின்விசிறிக்குக் கீழே இருந்த வாங்கில் உட்காருவது எப்போதும் நான்தான். ஒருநாள் அவன் அதில் இருந்தான். எழும்பச் சொன்னேன், சிரித்தான். காதோடு சேர்த்து அறைந்தேன். முதல் அறையிலேயே விழுந்துவிட்டான். இரண்டாவதும் மூன்றாவதும் அவன் விழுந்த பிறகு கொடுத்தவை. இடது காதிலிருந்து இரத்தம் இறங்கிச் சட்டைக் கொலரை நனைத்தது. அந்தக் காது அதன் பிறகு கேட்கவில்லை. அறியாத வயது. அவனும் சிரித்திருக்கத் தேவையில்லை.

பல வருடம் கழித்து, என்னிடம் ஜூடோ பழக வந்த அஸ்கா என்ற பிள்ளையின் பையில் முதல் புத்தகத்தைக் கண்டேன். கூர்வனுக்கு வலது புருவத்தில் வெட்டுக் காயம். அடிக்க முன்னர் பெருவிரலை நெட்டி முறிப்பான். நான் ஜிம் கண்ணாடியில் என் புருவத்தைப் பார்த்தேன். எழுதியவனின் பெயரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்வதானால், அன்று அவனை அடிக்கத்தான் போனேன். கதவைத் திறந்தவன் என் புருவத்தைப் பார்த்தான். பிறகு, "வா மச்சான் கூர்வன், பிளேன்டீ குடிக்கிறியா?" என்றான். வாசலிலேயே தேநீர் கேட்கிறவனை அடிப்பது லேசான காரியமில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது. "நான் வாழ்க்கையில ஒருத்தனுக்கும் அடிச்சதில்ல மச்சான். வாங்கி மட்டுந்தான் ஈக்கி. அடிக்கிறவன்ட கை எப்பிடிப் போகும் எண்டு நீ காட்டு" என்றான். ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் சோபா செட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரிப்போம். அவன் அலையன், நான் கூர்வன். ஸப்வானின் முறை விசித்திரமானது. சண்டை தொடங்கும் இடம்வரைதான் எழுதி வைத்திருப்பான். யார் வெல்வது, யார் விழுவது என்று எழுதமாட்டான். நாங்கள் முதலில் சண்டை பிடிப்போம். நடந்தது எதுவோ அதைப் பிறகு எழுதுவான். கழுத்து என் பிடியில் இருக்கும்போது பேச முடியாது என்பதால் ஒரு விதி வைத்தோம்: மூன்று தரம் தட்டினால் விட்டுவிட வேண்டும். அந்த விதியை வைத்தவன் நான்.

மூன்றாம் புத்தகத்துக்கான சண்டையில் அவனைப் புரட்டி அடியில் போட்டேன். உதடு வெடித்தது. தட்டினான். நான் விட்டேன். விட்டதோடு நிற்காமல், என்ன நினைத்தேனோ, கை கொடுத்துத் தூக்கி முதுகுத் தூசியையும் தட்டிவிட்டேன். அவன் உடனே எழுதப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு வாசித்துக் காட்டினான்: கூர்வன் தன் எதிரிக்குக் கை கொடுத்துத் தூக்குகிறான். அப்படித்தான் கூர்வன் நல்லவனானான். அந்தப் பக்கத்தை வெட்டிப் பேர்ஸில் வைத்திருந்தேன். இப்போது பொலிஸில் இருக்கிறது.

அதன் பிறகு இத்தனை வருடமும் நான் யார்மேலும் கை வைக்கவில்லை. கிராண்ட்பாஸில் பஸ் கொண்டக்டருக்குப் பல் போனதைச் சேர்க்கக்கூடாது, அவன்தான் முதலில் என் சட்டையைப் பிடித்தான். என் மனைவி யோகேஸ்வரியின் மணிக்கட்டு முறிந்தது நான்காம் புத்தகக் காலத்தில். குளியலறையில் வழுக்கியதாக ஆஸ்பத்திரியில் அவளேதான் சொன்னாள், நானும் மறுக்கவில்லை. இரண்டாம் தரம் விலா எலும்பு. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மனிதன் திருந்தும்போது சின்னச் சின்னச் சறுக்கல்கள் இருக்கும். அவற்றை ஸப்வானிடம் சொல்லி அவன் கதையைக் குழப்ப நான் விரும்பவில்லை.

ஸப்வானின் மனைவி நளீபாவுக்கு என்னைக் கண்டால் பயம். ஆறு வருடமும் நாங்கள் ஒத்திகை பார்க்கும்போது அரிசி புடைக்கும் சுளகோடு குசினி வாசலில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பா. ஒரு நாளும் எங்களைத் தனியே விட்டுப் போனதில்லை. நான் பணிஸோடு போன அன்றுதான் முதல் முறையாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து, "நான் பாமன்கடையில உம்மாட வீட்டுக்குப் போய்ட்டு வாறேன் அண்ணா. நீங்க ஈக்கிறீங்க தானே, அவரப் பாத்துக்கோங்க" என்றா. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. காலி வீதியில் வாகனம் பார்த்துக் கடக்கச் சொன்னேன்.

ஸப்வான் கொப்பியைத் திறந்து கடைசி அத்தியாயத்தை வாசித்தான். கடல் சூனியக்காரி கூர்வனின் காதில் ஓதுகிறாள்: நீ பழைய கூர்வன்தான், போய் அலையனைக் கொல். அலையன் பாறையில் கடலைப் பார்த்தபடி இருக்கிறான். கூர்வன் பின்னால் வந்து அவன் கழுத்தில் கையைப் போடுகிறான். அத்தோடு எழுத்து நின்றது.

"மிச்சம்?" என்றேன்.

"மிச்சம் நீ செய்யிறது. பின்னுக்கு வாறது யார் எண்டு அலையனுக்குத் தெரியும். ஆனாத் திரும்ப மாட்டான்."

"ஏன்?"

"நம்பிக்கை, மச்சான்."

"நம்பிக்கை எண்டா முடிவை எழுதியிருப்பியே."

அவன் கொப்பியை மூடினான். "யோகேஸ்வரி எனக்குப் போன்ல கோல் எடுத்தா. கை முறிஞ்சது வழுக்கி இல்லையாம். நான் நளீபாக்குச் சொல்லல்ல. உன்னையும் ஒண்டும் கேக்கல்ல. நீ நடி, நான் எழுதுறேன்." சொல்லிவிட்டுப் பாயில் எனக்கு முதுகைக் காட்டி இருந்தான்.

அப்போது நான் கோபப்படவில்லை என்பதை நீதிமன்றம் கவனிக்க வேண்டும். நின்று யோசித்தேன். ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள். அத்தனைக்கும் பிறகு இவனுக்கு என் விஷயத்தில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. நம்புகிறவன் பரீட்சை வைப்பானா? என்னை இத்தனை நாளும் எதிரியாகவே வைத்திருந்திருக்கிறான், தேநீர் கொடுத்து, பணிஸ் தின்று, மச்சான் என்று கூப்பிட்டு. எனக்கு மிகவும் நொந்தது.

கையைக் கழுத்தில் போட்டேன். வழக்கமான பிடிதான். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தவில்லை. அவன் என் தொடையில் மூன்று தரம் தட்டினான். நான் பொறுத்திருந்தேன். இன்னும் மூன்று, முதலாவதைவிடப் பலமாக. கால் செட்டியில் உதைத்தது, கோப்பை விழுந்து உடைந்தது. என் முன்கையில் நகங்களை இறக்கி இழுத்தான். சட்ட வைத்தியர் படம் எடுத்த காயங்கள் அவைதான். ஏதோ சொல்லப் பார்த்தான், பிடி சரியாக இருந்தபடியால் சத்தம் வரவில்லை. பிறகு தட்டுவது ஒழுங்கு கெட்டது. இரண்டு. ஒன்று. கை பாயில் விழுந்தது. அந்த நேரம் வீட்டை ஒட்டிய கடற்கரைத் தண்டவாளத்தில் பாணந்துறைப் பக்கம் ஒரு ரயில் போகத் தொடங்கியது. அது முழுதாகப் போய் முடியும்வரை நான் பிடியை விடவில்லை. முத்துலிங்கம் ஐயா இந்த இடத்தில்தான் கை தவறியது என்று எழுதச் சொல்கிறார். அது எட்டுப் பெட்டி ரயில்.

அவனை நேராகப் படுக்கவைத்தேன். வாயோரம் இருந்த இரத்தத்தைத் துடைத்தேன். கோப்பைத் துண்டுகளைக் கூட்டி அள்ளினேன், நளீபா வெறுங்காலோடு நடப்பவ. பிறகு அவனுடைய மேசையில் இருந்து அவனுடைய பேனையை எடுத்தேன். நான்கு பக்கம் முடித்தபோது கதவு திறந்தது.

நளீபா நேரே அவனிடம் போனா. முழந்தாளிட்டு, கேட்கிற காது எதுவென்று பார்த்து, வலது காதில் வாயை வைத்து அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டா. வெகுநேரம் கூப்பிட்டா. பிறகு என்னைப் பார்த்து, "ஏன் அண்ணா?" என்றா.

"அவன் என்னை நம்பேல்ல" என்றேன்.

"அவர் தானே என்னப் போகச் சொன்னாரு" என்றா. "கஜேந்திரன் மாறிட்டான், இனி நீ காவல் ஈக்கத் தேவல்ல எண்டு சொன்னாரு. நான் மாட்டேன் எண்டு நிண்டேன். என்ன ஏசித்தான் அனுப்பினாரு."

அதிர்ச்சியில் இருப்பவர்கள் எதையாவது சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பொலிஸுக்குக் கோல் எடுத்தவனும் நான்தான். ஆமாம், ஸப்வானை நான் கொன்றேன், தெரிந்துதான் கொன்றேன். அதை மறுக்க இதை எழுதவில்லை.

எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கொப்பி சான்றுப்பொருளாக உங்களிடம் இருக்கிறது. கடைசி நான்கு பக்கமும் என் கையெழுத்து. வழக்கு முடிந்ததும் தயவுசெய்து அதை அச்சுக்கு அனுப்ப விடுங்கள், பிள்ளைகள் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். அதில் கூர்வன் கையை எடுத்துவிடுகிறான். ஸப்வான் உயிரோடு இருந்திருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பான். அவனுக்கு என்னைத் தெரியும்.