இரண்டு சென்சார், ஒரே வானம்

வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டு படத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது சார். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். டீ வேண்டாம், குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போச்சு. தண்ணி போதும்.

என் பேர் ஷாநவாஸ். விளாங்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். காலமெல்லாம் கல்யாண வீடுகளில் மாலையும் பட்டுச்சேலையும் எடுத்து அலுத்துப்போன ஆள். எனக்கென்று நான் செய்வது நட்சத்திரங்களைப் படம் எடுப்பது ஒன்றுதான். அதுகள் "அண்ணே, என்னைய ஒல்லியாக் காட்டுங்க" என்று கேட்பதில்லை.

மச்சினன் ரோஷன் துபாயிலிருந்து வந்தபோது, படம் பதிகிற சென்சாரைக் குளிரவைக்கும் புதுக் கேமரா ஒன்று கொண்டுவந்தான். என் பழையதைப் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லோர் முன்னாலும், "இதப் பேரீச்சம்பழத்துக்குப் போடுங்க மச்சான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி இஷ்ரத்தும் சிரித்தாள். எனக்கு அது தைத்துவிட்டது. ஒரே வானத்தை இரண்டிலும் எடுத்துப் பார்ப்போம் என்றேன். மறுநாள் அவனுக்கு ஃப்ளைட். கேமராவைக் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

மதுரைக்குள் ஏது சார் வானம்? பேரையூர் பக்கம் உக்கிரபாண்டி அண்ணன் தோட்டத்துக்குத்தான் எப்போதும் போவேன். அவர் மகள் அஸ்வினி கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன், அப்படிப் பழக்கம். அங்கே மோட்டார் ரூம் சுவரில், கிணற்றைப் பார்த்து ஒரு லைட்டு உண்டு. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. "எல்லா லைட்டையும் அமத்திர்றேன் தம்பி. கிணத்து லைட்டு மட்டும் எரியட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். சரி என்றேன்.

அந்த வெளிச்சம் படத்தில் அடித்தது. பழைய சென்சார் சூடேறி ஏற்கெனவே தன் பங்குக்கு, வானத்தில் இல்லாத புள்ளிகளையெல்லாம் போடும். வெளியிலிருந்தும் வெளிச்சம் வந்தால் அது பாவம், எழுந்து நிற்கவே முடியாது. ஒப்பிட்டால் நியாயமாக ஒப்பிட வேண்டாமா? பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். போகும்போது போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவர் திரும்பி வருவார் என்று நினைக்கவில்லை. எனக்காகச் சுக்குக்காப்பி போட்டு எடுத்து வந்திருக்கிறார். வரப்பிலிருந்தே குரல் கொடுத்தார். "டார்ச்ச அமத்திட்டேன் தம்பி, ஒங்க படம் கெட்டுறக் கூடாதுல்ல. பீஸ் போயிருச்சு போல, போட்டுட்டு வாரேன்." அம்புட்டு நல்ல மனுஷன். எந்தப் பக்கம் நடக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான்தான் பிடுங்கினேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சொந்தத் தோட்டம், கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்துவிடுவார் என்று இருந்துவிட்டேன்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. "தம்பி, பைப்பப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். படி எங்க இருக்குன்னு தெரியல. லைட்ட மட்டும் அடிங்க, நானே ஏறிக்கிறேன்" என்றார். அவர் பதறவில்லை. நானும் பதறவில்லை. இரண்டு கேமராவும் நிமிஷக்கணக்கில் திறந்து வானத்தைப் பதிந்துகொண்டிருந்தன. அந்த நேரம் டார்ச் அடித்தால் அதுவரை எடுத்ததும் வீண், அந்தக் கேமராவும் மறுபடி கிடைக்காது. "இந்தா முடியப்போகுதுண்ணே, பிடிச்சுக்கங்க" என்றேன். நான் பதில் சொல்லாமல் இருக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அவரும் "சரி தம்பி" என்றார்.

வானத்தை எடுத்து முடித்தேன். இந்த வேலையில் அதோடு எழுந்து போய்விட முடியாது சார். சென்சாரின் சூடு மாறுவதற்குள் லென்ஸை மூடி, அதே அளவு நேரம் வெறும் இருட்டையும் படம் எடுக்க வேண்டும். சென்சார் தானாகப் போடும் புள்ளிகள் மட்டும் அதில் விழும். பிறகு அவற்றை வானத்துப் படத்திலிருந்து கழித்துவிடலாம். அதைச் செய்யாமல் எந்த சென்சார் உசத்தி என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. எனக்கும் அசதிதான், இடுப்பு விட்டுப்போச்சு. ஆனாலும் உட்கார்ந்து இரண்டிலும் எடுத்தேன். நடுவில் "தம்பி, கை வழுக்குது" என்றார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

லென்ஸ் இரண்டும் அப்போது மூடித்தானே இருந்தது, டார்ச் அடித்திருந்தால் என்ன கெட்டிருக்கும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் என்னதான் மூடினாலும் ஓரத்தில் கொஞ்சம் கசியும் சார்.