நல்ல ரத்த வரிசை

— தப்பு உங்க பக்கம்தான் டாக்டரம்மா. சும்மா சொல்லக் கூடாது, நல்ல ஆஸ்பத்திரிதான். ஆனா என் ரத்தத்த வேற யாரோடதோ கூட மாத்தி வச்சுட்டீங்க.

— நாங்களும் அப்படித்தான் நெனச்சோம் அண்ணா. அதனாலதான் உங்கள மறுபடி வரச்சொல்லி எடுத்தோம். எடுத்தது வேற ஆள், பாத்தது வேற மெஷின். அதே பதில்தான் வந்திருக்கு.

— என்ன பதில்?

— உங்க பொண்ணுக்கு வந்த அதே பதில்.

— அய்! எனக்கும் அப்பாவுக்கும் ஒரே மார்க்கா டாக்டர்?

— பாப்பா, நீ கொஞ்சம் சும்மா இரு. இது மார்க் இல்ல. டாக்டரம்மா, நான் வெல்டர். காலைல சாரத்துல ஏறினா சாயங்காலம்தான் எறங்குவேன். என்னப் பாத்தா நோயாளி மாதிரியா இருக்கு?

— இல்லண்ணா, அதான் பிரச்சினையே. சரி, பாருங்க, முதல்லேர்ந்து சொல்றேன். பாப்பா மாதிரி காய்ச்சலும் வயித்துவலியும் விட்டு விட்டு வர்ற குழந்தைங்களோட ரத்தம் ஒரு வரிசை. ஒரு கோளாறும் இல்லாத பெரியவங்க ரத்தம் இன்னொரு வரிசை. டியூப்ல பேர் இருக்காது, நம்பர்தான். எது யாரோடதுன்னு தெரியாமலே டெஸ்ட் பண்ணுவோம். டெஸ்ட் சரியானதுன்னா நோய் இருக்கிறவங்கள மட்டும் புடிக்கணும்.

— அந்த நல்ல ரத்த வரிசைக்கு நான்தானே மொத ஆளா கை நீட்டினேன்! ஒர்க்‌ஷாப்ல ஒருத்தன் விடாம சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியே என்ன அளவுகோலா வச்சிருக்குடான்னு. வீட்லயும் எல்லாருக்கும் பெருமை. எங்கப்பா மட்டும் ஒரு வார்த்த பேசல. அவருக்கு நான் எதுல ஜெயிச்சாலும் ஆகாது.

— அந்த அளவுகோலத்தான் டெஸ்ட் நோயாளின்னு சொல்லுது. பெரிய டாக்டருங்க நாளைக்குக் கூடுறாங்க. நல்லா இருக்கிற மனுஷன நோயாளின்னு சொல்ற டெஸ்ட் எதுக்கு, ஆராய்ச்சிய நிறுத்துங்கன்னுதான் சொல்வாங்க.

— நிறுத்தட்டுமே. எனக்கென்ன? ... இருங்க, இருங்க. அப்ப பாப்பாவோட மாத்திர?

— அந்த டெஸ்ட்ட நம்பித்தான் மாத்திரையே ஆரம்பிச்சோம். அதுவும் நின்னுடும்.

— வேணாம் டாக்டர்! அந்த மாத்திர வந்தப்புறம் எனக்கு வலியே வரல. ஓட்டப் பந்தயத்துல நான் ரெண்டாவது. மொதல்ல வந்தவ என்னவிடப் பெரிய கிளாஸ், அது கணக்குல வராது.

— கேட்டீங்களா அண்ணா? அதான் உங்கள உக்கார வச்சுக் கேக்குறேன். யோசிச்சு சொல்லுங்க. சின்ன வயசுலேர்ந்து உங்களுக்கு இந்த மாதிரி வலி எப்பவாவது வந்திருக்கா?

— ஒரு நோயும் இல்ல டாக்டரம்மா. அன்னைக்கே கேட்டீங்க, அன்னைக்கே சொன்னேன். கைய கிழிச்சிருக்கேன், கண்ணுல பொறி பட்டிருக்கு. நோய்னு ஒண்ணு வந்ததில்ல.

— அப்பா வயித்துல ஒரு தையல் இருக்கு டாக்டர்.

— பாப்பா!

— இருக்கே! வலது பக்கத்துல. பெரிய இரும்புத் தகடு விழுந்துச்சாம். அப்பா அத ஒத்தக் கையால தள்ளிட்டு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாராம்.

— எங்க, காட்டுங்க அண்ணா. வெக்கப்படாதீங்க, சட்டைய கொஞ்சம் தூக்குங்க. ம். ரொம்ப ஒழுங்கான தகடு. குடல்வால் ஆபரேஷனுக்கு எங்க கீறணுமோ கரெக்டா அங்கயே கீறியிருக்கு.

— பாப்பா, வெளிய மீன் தொட்டி இருக்கு பாரு. போய்ப் பாத்துட்டு வா.

— வர்றப்பவே பாத்துட்டேன். ரெண்டே மீனு. ரெண்டும் தூங்குது.

— இருக்கட்டும் அண்ணா. அவளோட மாத்திரையப் பத்தித்தானே பேசுறோம். குடல்வால எடுத்தாங்களா?

— வயித்தத் திறந்து பாத்தாங்க. அது நல்லாத்தான் இருந்துச்சாம். உனக்கு ஒண்ணுமில்ல தம்பின்னு தச்சு அனுப்பிட்டாங்க. ... டாக்டரம்மா, நான் உங்ககிட்ட பொய் சொல்லல. எனக்கு இருக்கிறது நோய் இல்ல.

— பின்ன?

— நடிப்பு.

— என்னது?

— நடிப்பு டாக்டரம்மா. பள்ளிக்கூட நாள்லேர்ந்தே. திடீர்னு வயித்தப் புடிச்சுக்கிட்டு உருளுவேன். ரெண்டு மூணு நாள்ல எந்திரிச்சு பந்து விளையாடப் போயிடுவேன். வாத்தியார் சொன்னாரு, பாடத்துக்கு பயந்து நடிக்கிறான்னு. எங்கப்பா ஒரு படி மேல. சொந்தக்காரங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு எனக்கு நாடகம்னு பேரே வச்சாரு. ‘எங்கடா நாடகம், இன்னைக்கு எத்தன மணி ஆட்டம்?’னு கேப்பாரு. கடைசில வயித்தக் கிழிச்ச டாக்டரும் ஒண்ணுமில்லன்னுட்டாரு. இத்தன பேர் சொன்னா நான் எத நம்புறது? எனக்கே தெரியாம என் உடம்பு சோம்பேறித்தனம் பண்ணுதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

— இப்பவும் வருதா?

— வரும். வந்தா, வேற சைட்ல வேலைன்னு வீட்ல சொல்லிட்டு, ஒர்க்‌ஷாப் பின்னாடி தார்ப்பாய விரிச்சுப் படுத்துக்குவேன்.

— காய்ச்சல் அடிக்குமா?

— அனலா கொதிக்கும்.

— அண்ணா, நடிக்கிறவனுக்குக் காய்ச்சல் எப்படி அடிக்கும்?

— அது எனக்கும் புரிஞ்சதில்ல. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு நல்லா நடிக்கிறோம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

— சிரிக்க வச்சு அழ வைக்காதீங்க. சரி, பாருங்க, ஒண்ணு கேக்குறேன். பாப்பாவுக்கு வலி வந்தப்பவும் எல்லாரும் நடிப்புன்னுதானே சொன்னாங்க?

— டீச்சர் சொன்னாங்க. ஏறி எறங்கின ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் சொன்னாங்க. நான் காதுலயே வாங்கல. தோள்ல போட்டுக்கிட்டு அலைஞ்சேன். நடிக்கிறவன் நான். நடிப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? இவளப் பாத்த உடனே தெரிஞ்சுது, இது நெஜம்னு.

— வலி வந்தா இவ எப்படிப் படுப்பா?

— கால மடக்கி, முட்டிய நெஞ்சோட சேத்துக்கிட்டு. மூச்சக் கூட மெதுவா விடுவா, வயிறு அசையக் கூடாதுன்னு.

— தார்ப்பாய் மேல நீங்க எப்படிப் படுப்பீங்க?

— கால மடக்கி, முட்டிய... அப்படியேதான் டாக்டரம்மா.

— அப்பா, ஏன்பா அழற?

— அழலடா. கண்ணுல பொறி பட்டது, அப்பப்ப தண்ணி வரும்.

— நீங்க நடிக்கல அண்ணா. வயித்துக்குள்ள ஒரு மெல்லிசான சவ்வு இருக்கு. நோய் தலையத் தூக்குறப்ப அது வீங்கும், காய்ச்சல் அடிக்கும். ரெண்டு மூணு நாள்ல தானா அடங்கிடும். அடங்கினப்புறம் எந்த டாக்டர் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. பாப்பாவுக்கு இருக்கிறதேதான் உங்களுக்கும்.

— நான் நடிக்கல.

— நடிக்கல.

— இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டரம்மா. கொஞ்சம் சத்தமா. கதவு திறந்துதானே இருக்கு, பரவாயில்ல.

— நீங்க நடிக்கல! உங்களுக்கு நெஜமான நோய் இருந்திருக்கு. அத வச்சுக்கிட்டு நீங்க சாரம் ஏறி வேல பாத்திருக்கீங்க. ஊரே நடிப்புன்னு சொன்ன பொண்ண நம்பி இங்க வரைக்கும் தூக்கிட்டு வந்திருக்கீங்க. இவ்ளோ நாளா எத்தனையோ அப்பாக்கள இந்த நாற்காலில பாத்துட்டேன். உங்கள மாதிரி ஒருத்தரப் பாக்கல.

— எங்க அப்பாதான் அளவுகோல்!

— ஆமாடி கண்ணு. சந்தேகமே இல்ல.

— அப்ப உங்க டெஸ்ட்டு?

— அது தப்பே பண்ணல அண்ணா. நீங்களும் நானும் உங்கள நல்ல ரத்த வரிசைல உக்கார வச்சிருந்தோம். அது மட்டும் ஏமாறாம உங்களக் கண்டுபிடிச்சிருச்சு. குழந்தைங்களுக்குன்னு ஆரம்பிச்சது பெரியவங்களையும் புடிக்கும்னு இப்பதான் எனக்கே தெரியுது. நாளைக்கு அந்தக் கூட்டத்துக்கு நான் தலை நிமிந்து போவேன்.

— நானும் வர்றேன். வயித்தக் காட்டணும்னா காட்டுறேன். இனிமே தகடு கிகடுன்னு கத விட மாட்டேன்.

— அதவிடப் பெரிய உதவி ஒண்ணு இருக்கு. இந்த நோய் பரம்பரையா வர்றது. பாப்பாவுக்கு உங்ககிட்டேர்ந்து வந்த மாதிரி, உங்களுக்கும் அம்மாகிட்டேர்ந்தோ அப்பாகிட்டேர்ந்தோ வந்திருக்கணும். அவங்க ரத்தமும் கிடைச்சா கூட்டத்துல ஒருத்தர் வாய் திறக்க முடியாது.

— அம்மா போய்ச் சேந்துட்டாங்க. தலைவலின்னு கூடப் படுத்ததில்ல. அப்பாவ விடுங்க, அவர் இரும்பு. வலின்னு அவர் வாய்லேர்ந்து ஒரு சத்தம் வந்து நான் கேட்டதே இல்ல. அப்பப்ப அறைக் கதவ சாத்திக்கிட்டு தனியா இருப்பாரு, அது அவர் சுபாவம். இன்னைக்கு நேரா அவர் முன்னாடி போய் நிக்கப் போறேன். உங்க நாடகம் நாடகமே இல்லப்பான்னு சொல்லப் போறேன். ... என்னடி, இவ்ளோ நேரம் லொடலொடன்னு பேசினவ இப்ப தலையக் குனிஞ்சுக்கிட்ட?

— நான் சத்தியம் பண்ணிருக்கேன்பா.

— யாருக்கு?

— தாத்தாவுக்கு. கதவ சாத்திக்கிட்டா, கால மடக்கிப் படுத்துக்கிட்டு வாய்ல துண்டக் கடிச்சுக்குவாரு, என்ன மட்டும்தான் உள்ள விடுவாரு; ஏன் தாத்தா துண்டுன்னு கேட்டேன், ‘உங்கப்பன நாடகம்னு சொன்ன வாய்டா இது, அவனுக்குக் கேக்குற மாதிரி எப்படி அழுறது’ன்னாரு.